வந்த வீட்டில் வைத்த பெயர்

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றாள் பொன்னுமணி. முன்னறையில் அவளுடைய நாத்தனார் அன்னக்கொடி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சந்திரகலா... சசிகலா... மேகலா... எது வேணும்னு நீயே சொல்லு. எல்லாமே கலாவுலதான் முடியுது. உன் பழைய பேரோட அப்படியே ஒட்டிக்கிரும். கூப்பிடுறவுக வாய்க்கும் சிரமமில்ல, உன் காதுக்கும் சிரமமில்ல!"

என்ன தாராள மனசு! ஒருத்தியின் பெயரைப் பிடுங்கிக்கொண்டு, அதே ஓசையில் இன்னொன்றைத் தருகிறார்களாம்.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவள், நான்கு நாளைக்கு முன்னால் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த சூர்யகலா. பொன்னுமணியின் மகன் ராம்பிரசாத்தின் மனைவி. சிலமலை விவசாயி அழகுமலையின் மகள். மறுவீடு போய்விட்டு நேற்று சாயங்காலம்தான் போடிக்குத் திரும்பியிருந்தாள். கையில் மருதாணிகூட இன்னும் மங்கவில்லை.

விஷயம் இதுதான். பொன்னுமணியின் மூத்த மகள் பெயரும் சூர்யகலா. கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். கூடப்பிறந்தவள் பெயரைச் சொல்லி ஒருவன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதா? கோபம் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவதா? கூடாது என்பது இந்தக் குடும்பத்து வழக்கம். வந்தவள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டு மூத்த பெண் ஒருத்தி அவளைச் சாமி விளக்கின் முன்னால் உட்கார வைத்து, வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, புதுப் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவாள். மூன்று தடவையும் வந்தவள் "என்னங்க?" என்று கேட்க வேண்டும். அத்தோடு பிறந்த வீட்டுப் பெயர் முடிந்தது. பெண் பார்க்கப் போனபோதே இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 'அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கிரலாம்' என்று வாயை மூடிக்கொண்டு வந்தவர்கள்தான் எல்லோரும்.

"நீங்க எதச் சொன்னாலும் சரிங்க பெரியம்மா" என்றாள் சூர்யகலா. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்தச் சிரிப்பைத்தான் பொன்னுமணியால் தாங்க முடியவில்லை. இதே வீட்டில், இதே இடத்தில், முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் அவளும் அப்படித்தான் சிரித்தாள். அன்றைக்கு யாராவது ஒருத்தர் குறுக்கே விழுந்து தடுத்திருந்தால்...!

அடுப்பை அணைத்துவிட்டு, கைப்பிடித் துணியோடு அப்படியே முன்னறைக்கு வந்தாள்.

"மதினி, எந்தப் பேரும் வேணாம். அவ பேரு சூர்யகலா. அப்படியே இருக்கட்டும்."

அன்னக்கொடி கண்ணாடியைக் கழற்றினாள். இத்தனை வருடத்தில் தம்பி பெண்டாட்டி அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்ன சொன்ன?"

"பேரு மாத்த வேணாம்னு சொன்னேன்."

"ஓகோ... மாமியார் ஆயாச்சுல்ல! அதிகாரம் வந்திருச்சு!" அன்னக்கொடியின் குரல் தெருவுக்குக் கேட்டது. "ஏப்பா ராம்பிரசாத்து! இங்கிட்டு வா. உங்கம்மா பேசுற பேச்சைக் கேளு. இந்த வீட்டு மூத்தவன்னு நான் ஒருத்தி வந்து உக்காந்தது அவளுக்குப் பொறுக்கல. எஸ்டேட்டுக் கூலிக்காரக லயத்துல வளந்தவகிட்ட வீட்டுச் சாவியக் குடுத்தா இப்படித்தான்!"

ராம்பிரசாத் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். அத்தையின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. அன்னக்கொடிக்கு அது கைவந்த கலை. வேண்டும்போது வரும், வேண்டாதபோது நிற்கும்.

"என்னம்மா இது, காலங்காத்தால? ஒம்பது மணிக்கு நல்ல நேரம். சோலிய முடிச்சிட்டு நான் ஆபீசு போகணும். அவளே சரின்னுட்டா. உனக்கென்ன வந்துச்சு?"

"அவ சரின்னு சொல்லலடா. வாய மூடிக்கிட்டா."

"பேருதானேம்மா! சர்டிபிகேட்டுல அது பாட்டுக்கு இருக்கும். வீட்டுல கூப்பிட ஒரு பேரு. இதுக்குப் போயி ஏன் இந்த ஆட்டம் ஆடுற? முதல்ல அத்தைகிட்ட மன்னிப்புக் கேளு."

பேருதானே! பெற்று வளர்த்த மகன் கேட்கிறான். பொன்னுமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திரும்பிச் சமையலறைக்குப் போனாள். வாயைத் திறந்தால் என்னென்ன வந்து விழுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பின்னாலேயே வந்து நின்றாள் சூர்யகலா.

"அத்தை... எனக்காக நீங்க பேச்சு வாங்காதீங்க. நான் மாத்திக்கிறேன். அழ வேண்டியத நேத்தே அழுது முடிச்சிட்டேன்."

"உனக்கு யாரு அந்தப் பேரு வச்சது?"

"எங்கய்யாதான். நான் பொறக்கும்போது ஒம்பது நாளா அடைமழையாம். வயக்காடெல்லாம் தண்ணி. பத்தாம் நாள் நான் பொறந்தேன், வெயில் அடிச்சிருச்சு. சூரியனோட ஒளின்னு அர்த்தமாம். வாத்தியார்கிட்டக் கேட்டு வச்சிருக்காரு." முந்தானை நுனியைத் திருகினாள். "நேத்து எங்கய்யாகிட்டச் சொன்னேன். சரித்தான் ஆத்தா, பெரியவுக சொன்னாக் கேட்டுக்கன்னாரு. சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவரு, நான் கெளம்புற வரைக்கும் வீட்டுக்குள்ள வரல."

பொன்னுமணி அடுப்பில் வழிந்திருந்த பாலைத் துடைத்தாள். மருமகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை... உங்களுக்கும் மாத்தினாகளா?"

பொன்னுமணி தலையை மட்டும் அசைத்தாள்.

"உங்க நெசப் பேரு என்னங்கத்தை?"

முப்பத்தோரு வருடத்தில் ஒரு ஆள் கேட்டதில்லை. கட்டிய கணவன் கேட்க வேண்டியதில்லை, அவனுக்குத் தெரியும். பெற்ற பிள்ளைகளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. நான்கு நாள் வயதுள்ள மருமகள் கேட்கிறாள்! பொன்னுமணி வாயைத் திறந்தாள். வரவில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று பழக்கி வைத்த நாக்கு அசைய மறுத்தது. சொந்தப் பெயரைச் சொல்லத் தடை விதிக்கப்பட்ட பாவி அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அவளுடைய கணவர் சோலைமலை அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஆறு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. காய் எடுப்பு நேரம். முதல் ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியவே போய்விட்டது. அவரை ஏற்ற வந்த ஜீப் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

சுவரில் மாமியாரின் படம் மாலையோடு தொங்கியது.

"ராம்பிரசாத்து, அந்தப் போட்டோவுக்குக் கீழ எழுதியிருக்குல்ல... வாசி."

"என்னம்மா நீ..."

"வாசிடா!"

"மாயக்காள். தெரிஞ்சதுதானே, அப்பத்தா பேரு."

"என் பேரும் அதான்டா!"

சோலைமலையின் தலை குனிந்தது. அன்னக்கொடி எழுந்துவிட்டாள். "இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை..."

"உக்காருங்க மதினி. இத்தனை வருசம் நீங்க பேசினீக, நான் நின்னேன். இன்னைக்கு நான் பேசுறேன்." மகன் பக்கம் திரும்பினாள். "என்னைப் பெத்தவளுக்கு ஜீப்புலயே வலி வந்திருச்சுடா. போடிமெட்டு ரோட்டுல, கொண்டை ஊசி வளைவுல, கொட்டுற மழையில வண்டிய நிப்பாட்டி, கூட வந்த வேலைக்காரப் பொம்பள ஒருத்திதான் என்னைய எடுத்தா. ரெண்டு உசுரக் காப்பாத்தின அந்த மகராசி பேரு மாயக்காள். எங்கப்பன் அந்தப் பேர எனக்கு வச்சான். உங்க அப்பத்தாவுக்கும் அதே பேரா இருந்தது என் குத்தமாடா?"

அவள் படத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பெத்தவ பேரைச் சொல்லிப் பொண்டாட்டியக் கூப்பிடக் கூடாதுன்னாக. சரி, வழக்கம்னு நானும் வாயில சர்க்கரைய வாங்கிக்கிட்டேன். பொன்னுமணின்னு கூப்பிட்டாக, என்னங்கன்னேன். ஒரு வாரம் கழிச்சு வாசல்ல ஒரு பால்காரர் வந்து, 'பொன்னுமணி போயிருச்சாமே ஆத்தா'ன்னு துக்கம் கேக்குறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க அப்பத்தா சிரிச்சுக்கிட்டே சொல்லுது, 'போனா என்ன, இன்னொண்ணு வந்திருக்குல்ல, வாய்க்குப் பழகின பேரு'ன்னு... அப்பத்தான்டா தெரிஞ்சுச்சு. அது உங்க தொழுவத்துல செத்துப்போன பசுமாட்டுப் பேரு!"

"அம்மா...!" ராம்பிரசாத்தின் கையிலிருந்த துண்டு நழுவியது.

"அந்தப் பேருலதான் உன்னையப் பெத்தேன். அந்தப் பேருலதான் ஜீப்பு ஏறிப் போயி, அட்டை கடிக்கக் கடிக்கக் காய் எடுத்தேன். உங்க அப்பத்தா படுத்த படுக்கையா கெடந்த நாலு வருசம், பீ மூத்திரம் அள்ளினது அந்தப் பேருலதான். முதியோர் பணம் கொண்டாந்த தபால்காரரு வாசல்ல 'மாயக்காள்!'னு கூப்பிடுவாரு. ஒவ்வொரு தடவையும் என் தலை தன்னால திரும்பும். ஒரு நாள் அத உங்க அப்பத்தா பாத்திருச்சு. படுத்துக்கிட்டே கேட்டுச்சு, 'உன்னையவா கூப்பிட்டாக?'ன்னு. பேருதானேன்னு கேட்டியே... இப்பக் கேளுடா!"

ராம்பிரசாத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்னக்கொடிக்கு மட்டும் வாய் ஓயவில்லை.

"செத்துப்போன எங்கம்மாவ இழுத்துப் பேசுறா பாரு! தம்பி, நீ கேட்டுக்கிட்டு நிக்கிறியா?"

சோலைமலை நிமிர்ந்தார். "அக்கா, அவ சொன்னதுல பொய்யில்ல" என்றார் மெதுவாக. பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். "எனக்கும் மனசு உறுத்தத்தான் செஞ்சுச்சு. ஆனா பெத்தவ பேரைச் சொல்லி உன்னைய ஏவ... வாய் வரல."

"மாட்டுப் பேரைச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சாக்கும்!"

வெளியே ஜீப்காரன் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை.

"நல்லாக் கேட்டுக்கங்க, எல்லாரும். இன்னைக்கு இந்தப் புள்ள பேர மாத்தினா, வெளிய நிக்கிற ஜீப்புலயே நான் மலைக்கு ஏறிருவேன். என் தம்பி வீடு லயத்துலதான் இருக்கு. ஒத்த ரூமுதான். ஆனா அங்க போனா என்னைய என் பேரு சொல்லிக் கூப்பிடுவாக."

சூர்யகலா முன்னால் வந்தாள். இத்தனை நேரம் அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு இப்போது இல்லை. அன்னக்கொடியின் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி நான்காக மடித்து, அவள் கையிலேயே கொடுத்தாள்.

"நான் சர்க்கரை வாங்கல பெரியம்மா. என் பேரு சூர்யகலா. மதினி பேரும் அதுதான்னா, ஒரு வீட்டுல ரெண்டு சூர்யகலா இருக்கட்டும். கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வர்றோம். அதுல யாருக்கு என்ன நட்டம்?" சொல்லிவிட்டு மாமியாரிடம் திரும்பினாள். அவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் உடைந்தது. "அத்தை...!" என்று அவள் தோளில் விழுந்து அழுதாள். பெரியவளும் அழுதாள். கோபம் அடங்கி வந்த அழுகை இல்லை அது. கோபத்தோடேயே அழுதாள்.

"எனக்குத் தெரியாதும்மா... சத்தியமாத் தெரியாது" என்று காலடியில் இருந்து மகன் சொன்னான்.

"தெரிஞ்சுக்கணும்னு உனக்குத் தோணலையேடா" என்றாள். ஆனால் அவன் தலையில் கை வைக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

அன்னக்கொடி பையை எடுத்துக்கொண்டு, "இனிமே இந்த வாசப்படி மிதிச்சா என்னான்னு கேளுங்க!" என்று தெருவில் இறங்கினாள். இருக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மாயக்காள் சமையலறைக்குப் போனாள். ஆம், மாயக்காள். இனிமேல் இந்தக் கதையிலும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. அரிசியை அளந்து போட்டுக் களைய ஆரம்பித்தாள்.

முன்னறையில் சோலைமலை தாயின் படத்துக்கு முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு காலடி சமையலறை வாசல் வரை வந்து நின்றது.

"இந்தா..." என்றார்.

அவள் திரும்பவில்லை.

தொண்டையைச் செருமினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது அந்த மனிதருக்கு. அறுபது வயதில் பேசப் பழகுகிறவர் மாதிரி உதட்டை இரண்டு தடவை கூட்டிப் பிரித்தார்.

"மாயக்கா..."

அவள் கை அரிசிப் பானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஏ மாயக்கா!" இந்த முறை ஜீப்பில் இருந்தவனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

கேட்டது. காதில், நெஞ்சில், அடிவயிறு வரைக்கும் கேட்டது. என்னங்க என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். கழனித் தண்ணீரை நிதானமாக வடித்தாள். இரண்டாம் தண்ணீர் ஊற்றினாள். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு அவர் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

நிற்கட்டும். முப்பத்தோரு வருடம் நான் நின்றேன். மூன்றாம் தண்ணீர் வடிக்கிற வரைக்குமாவது நிற்கட்டும்.