ஓரத்தில் எழுதிய பெயர்

ஜனவரி 14, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். மாலை வகுப்புக்காக நாவலை முப்பது பிரதி எடுக்கக் கொடுத்தபோது, சுத்தமான புத்தகத்துக்குப் பதில் நான் பென்சிலால் கிறுக்கியதைக் கொடுத்துவிட்டேன்.

டிராமிலேயே டைரியை மூடிய நெர்மீன், அலெக்சாண்ட்ரியாவின் குளிர்கால மழையில் நனைந்தபடி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரன் ஹாஸிம் நிமிர்ந்தான். தேன் நிறக் கண்கள்...

"எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே மேடம்!"

"ஓரத்துல இருந்ததை மறைச்சுட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஒரு எழுத்து விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் புத்தகத்தைச் சொன்னேன்!"

"அதுவும் புத்தகத்துலதான் இருந்துச்சு... அழகா இருந்துச்சு."

"மெஷினைப் பாருங்க போதும்!"

தன் புத்தகத்தைக்கூடத் திரும்ப வாங்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

பணக்காரர்களைப் போலவே அச்சு அசலாக மனிதர்களைப் படைத்து, உப்பளத்தில் அடைத்து, தேவைப்படும்போது உறுப்பை அறுத்துக்கொள்வதைச் சொல்லும் நாவல் அது. அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாற்பதாம் பக்கத்தில் பொறுக்க முடியாமல், முப்பத்தொன்று என்ற பெண்ணின் எண்ணுக்குப் பக்கத்தில் நெர்மீன் எழுதியிருந்தாள்: 'இவள் பெயர் லுஜைன். இவளுக்கும் வலிக்குமே... ஒருவருக்குமா கேட்கத் தோன்றவில்லை?'

வகுப்பே சிரிக்கப் போகிறது. அடுத்த செவ்வாயோடு நின்றுவிட வேண்டியதுதான்...

அந்தச் செவ்வாய் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். எல்லாரும் 'டாக்டர்' என்றழைக்கும் பேராசிரியையிடம் பேச, வகுப்பில் படிக்கும் டாக்ஸி டிரைவர் பயூமிதான் முதலில் எழுந்தார்.

"லுஜைனைக் கூட்டிட்டுப் போற இடம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டிட்டு அழுதேன் டாக்டர். பின்னாடி இருந்த ஆளு, 'மீட்டர் ஓடுதுய்யா'ங்கிறான்!"

"லுஜைன் தப்பிச்சிருக்கணும்," என்றாள் ஒருத்தி. "லுஜைன் திருப்பி அடிச்சிருக்கணும்," என்றாள் இன்னொருத்தி.

பேராசிரியை இன்ஜி தன் புத்தகத்தைப் புரட்டினார். "யாருப்பா லுஜைன்? இதுல முப்பத்தொண்ணுன்னுதானே இருக்கு?"

"ஓரத்துல பாருங்க டாக்டர்!"

"யார் எழுதினது?"

எல்லாரும் சுற்றிலும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நெர்மீன் கவனித்தாள்... வாசலில் ஹாஸிம், கோட்டுக்குள் அவள் புத்தகத்தோடு. அவனுக்குத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கண்கள் மட்டும் 'சொல்லு' என்றன.

நெர்மீன் எழுந்தாள்.

"நான்தான் டாக்டர்... அவளை வெறும் நம்பரா சாக விட மனசு வரல."

பயூமியின் பெரிய கைகள் தட்டத் தொடங்க, முப்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். பேராசிரியை பேனாவை எடுத்துத் தன் புத்தகத்திலும் அந்தப் பெயரை எழுதினார்.

"கடைசிப் பக்கத்துல ஏன் தங்கச்சி ஒண்ணும் எழுதல? எவ்வளவு தேடினேன்!" என்றார் பயூமி.

வெளியே தூறல்... ஹாஸிம் புத்தகத்தை நீட்டினான்.

"நாற்பதாம் பக்கத்துல ஒரு இடம் கண்ணீர் பட்டுச் சுருங்கியிருக்கு. முப்பது பிரதியிலயும் அது மட்டும் விழல. இந்தப் புத்தகத்தைத் திருப்பித் தர மனசே இல்லாம வெச்சிருந்தேன்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, நெர்மீன்."

"மேடம் எங்க போச்சு?"

"மழையில கரைஞ்சிடுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கும்தான்... அன்னைக்கு 'மெஷினைப் பாருங்க'ன்னு உங்களைத் திட்டினதுலேர்ந்து."

ஜனவரி 21, செவ்வாய். சரியாகச் சொன்னேனா, தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். நாளை மாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போக வேண்டும். கடைசிப் பக்கத்தை ஹாஸிமோடு சேர்ந்து எழுத வேண்டும். பென்சிலைச் சீவி வைக்க வேண்டும்.