டேப்பெட் இடைவெளி

சவரிமுத்து தள்ளச் சொல்லவில்லை. ஆனாலும் ஆம்னி வேன் ஒரு விரலளவு முன்னால் நகர்ந்தது.

முன்சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அதற்கடியில் திறந்து கிடந்த என்ஜின்மேல் முட்டிபோட்டுக் குனிந்திருந்தவன் திட்டினான். வண்டிக்குப் பின்னால் நின்ற மச்சான் பிரிட்டோவின் குரல் மழைச் சத்தத்தைத் தாண்டி வந்தது.

"நான் கைய வெக்கவே இல்ல மாமா. ஆஸ்பத்திரி போவ உன் வண்டிக்கே அவசரம் போலருக்குது."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள் மனைவி லிடியாவுக்கு மதியமே வலி எடுத்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதி அடுத்த வாரம். அதை நம்பித்தான் காலையில் என்ஜினைத் திறந்தான். வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் தேய்ந்து, மேடேறும்போது தகரத்தைத் தட்டுவதுபோல் சத்தம் வந்துகொண்டிருந்தது. வெள்ளிமலைச் சாலையின் ஏதோ ஒரு வளைவில் அவளோடு நின்றுவிடக் கூடாதென்று பயந்து இறங்கிய வேலை. மழையில் போனும் செத்துவிட்டது. இந்த வண்டி ஓடினால்தான் அவள் கள்ளக்குறிச்சி போய்ச் சேருவாள்.

புது ராக்கர்களும் ஸ்பிரிங்குகளும் ஏறியாயிற்று. மிச்சம் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே டேப்பெட் இடைவெளி வைப்பதுதான். வீட்டில் செய்பவர்களுக்கு அதற்கொரு வழி உண்டு. பிளக்குகளைக் கழற்றிவிட்டு டாப் கியரில் போட்டு, பின்னாலிருந்து ஒருவர் மெல்லத் தள்ளினால் சக்கரத்தோடு என்ஜினும் சுற்றும். நிறுத்தச் சொல்லி, இடைவெளி அளக்கும் தகட்டைச் செருகி, திருகை முடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டயருக்குக் கல் கொடுக்க வேண்டும். அவன் வண்டியின் கைபிரேக் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் இன்றைக்கு அவசரத்தில் கல்லும் கொடுக்கவில்லை.

ஷெட் குறுகல். வண்டியின் கதவுகள் ஒரு சாணுக்குமேல் திறக்காது. பின்சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை இடைவிடாமல் கொட்ட, கருகிய ஆயிலும் ஈரச்சாக்கும் கலந்த வாடையும், மேகம் கவிந்த சாயங்கால இருட்டும் அந்தப் பொந்துக்குள் அவனோடு அடைந்து கிடந்தன.

லிடியா அலறினாள். பிரிட்டோ சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து, முன்கண்ணாடிக்கு எதிரே வந்து, மழையில் வீட்டுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கத்தினான்.

"பனிக்குடம் ஒடஞ்சிடுச்சி மாமா. சீக்கிரம் முடி."

கடைசி வால்வு. தகடு கையிலிருந்து நழுவி, ராக்கரைத் தூக்கிவிடும் கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே விழுந்தது. எடுக்க வலது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டான்.

வண்டி நகர்ந்தது.

மெதுவாக. கேமின் முனை எழும்பி விரலை ராக்கரோடு சேர்த்து அழுத்தி நின்றது. எலும்பு உடையவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் உடையும். உருவிப் பார்த்தான். வரவில்லை. பிரிட்டோவைக் கூப்பிட்டான். வீட்டிலிருந்து பதில் வந்தது. அக்காவைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

அப்படியானால் பின்னால் யார்?

இடது கையால் கியரைப் பிடித்து நியூட்ரலுக்கு இழுத்தான். அசையவில்லை. வண்டியைத் தள்ளிப் பிடித்திருக்கும்வரை கியர் விடாது. தள்ளுவது ஒரு நொடி தளர்ந்தால் போதும்.

தளரவில்லை.

சஸ்பென்ஷன் முனகியது. பின்கண்ணாடியில் ஏதோ உரசியது. ஈரத்தோல் உரசுவதுபோல.

அவன் திரும்பவில்லை.

பிரிட்டோ லிடியாவைத் தாங்கிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தான். சரியாக பம்பருக்கு எதிரே. நின்றுவிட்டான். லிடியாவின் முனகல் பாதியில் அறுந்தது. இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டிப் பார்த்தார்கள்.

"மாமா," என்றான் பிரிட்டோ. "தள்றதுக்கு இத்தினி பேர எங்கேர்ந்து இட்டாந்த?"

விலகச் சொல்ல வாயைத் திறந்தவன், தலைக்குமேல் இருந்த பின்பார்வைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான்.

ஒரு ஆள் நிற்கும் இடம். பின்கண்ணாடி முழுக்க உள்ளங்கைகள். கீழிருந்து கூரைவரை. ஒன்றன்மேல் ஒன்றாக, அழுந்தி, வெளுத்து. பெரியவை. சின்னவை.

வலது கைகள் எதிலும் ஆள்காட்டி விரல் இல்லை.

எல்லாம் ஒன்றாகத் தள்ளின.