கறுப்பியை அவிழ்க்க மாட்டேன்

விடிந்ததும் விடியாததுமாகச் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"அந்த நாய அவுத்து விடுறியா இல்லியா?" எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று கத்தினாள் ஓரகத்தி அழகம்மா.

நவமணி கயிற்றை விடவில்லை. கறுப்பி அவள் புருஷன் ராமையா வளர்த்த நாய். ஜப்பான்காரன் அவனை ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய் ஒன்றரை வருஷமாகிறது. கடுதாசி இல்லை, சேதி இல்லை. அவளுக்கென்று மிஞ்சியது இந்த நாய்தான்.

அது இப்போது பருவத்துக்கு வந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பன்றி வேட்டையாடும் பிச்சை, தன் கடுவன் நாயோடு சேர்த்துக் குட்டிகளைத் தர ஒப்புக்கொண்டால் இரண்டு காந்தாங் அளவு அரிசி முன்கூட்டியே தருவதாகச் சொல்லியிருந்தான். அரிசி! மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று வெளுத்துப்போன பிள்ளைத்தாய்ச்சிக்கு அரிசி என்றால் சும்மாவா?

"வேணாங்க்கா... இது குட்டி போடக் கூடாது."

"ஏன்? காரணத்தச் சொல்லுடி!"

நவமணி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"நான் சொல்லட்டா? தனக்கொண்ணு பொறக்கல... நாய்க்கும் பொறக்கக் கூடாது! உன்னய மாதிரி மலடிய எம் புள்ளைக்குச் சேனை வைக்கக் கிட்ட சேத்தேனா பாரு!"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு சீனித் தண்ணீரைச் சேனையாக வைக்க நல்ல மனசுக்காரரைத்தான் தேடுவார்கள். தன் பங்குக் கிழங்கில் பாதியைத் தினமும் அழகம்மா தட்டில் போட்டவளுக்கா இந்தப் பேச்சு! நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றை மட்டும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிச்சை வந்து சேர்ந்தான், தோளில் அரிசிப் பையும் கையில் கடுவனுமாக. அழகம்மாவின் புருஷன், மச்சாண்டார் முனியாண்டி, நவமணியிடமிருந்து கயிற்றைப் பிடுங்கினார்.

கடுவனைக் கண்டு துள்ளிய கறுப்பி பொத்தென்று விழுந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது.

"வெறிநாய்லா! தள்ளுங்க!" பிச்சை பாராங் கத்தியை ஓங்கினான்.

நவமணி நாயின் மேலேயே விழுந்தாள். "அடிக்காதீங்கண்ணே! வெறி இல்ல... வலிப்பு! இதோட தாய்க்கும் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிரும்!"

எழுந்தது. அவள் சிரட்டையில் வைத்த தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தது. வெறிநாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பது பிச்சைக்குத் தெரியும். கத்தியைத் தாழ்த்திவிட்டான்.

"தெரிஞ்சும் ஏம்மா மறைச்ச?" முனியாண்டியின் குரல் இறங்கியிருந்தது.

"சொல்லியிருந்தா வெறின்னு அன்னிக்கே அடிச்சிருப்பீங்க மாமா. அவரு வந்து கறுப்பி எங்கன்னு கேட்டா...? நோவோட பொறக்குற குட்டிய இந்த அண்ணன் தலையில கட்டி அரிசி வாங்கவும் மனசு வரல. அதுங்க எந்த வீட்டு வாசல்ல விழுந்து அடிபட்டுச் சாவுமோ!"

பிச்சை கடுவனோடும் அரிசியோடும் திரும்பி நடந்தான். யாரும் தடுக்கவில்லை. அழகம்மா அந்தப் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிற்றுப் பாரத்தோடு வந்து நவமணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பாவி நான்... என்ன பேச்சுப் பேசிட்டேன்! எம் புள்ளைக்கு நீதான்டி சேனை வைக்கணும்..."

"சீனிக்கு எங்கக்கா போறது?" நவமணிக்கும் அழுகை பொங்கியது.

"வெறுந்தண்ணி போதும்டி... உன் கையால வச்சாப் போதும்!"