அட்டை மணி அடித்தபோது

கோபுரத்து மணி அட்டையால் ஆனது. பழைய போர்ப் படமொன்றுக்காகத் துராங்கோ மாநிலத்துப் பொட்டல் வெளியில் எழுப்பிய பொய் ஊர் அது. வீடுகளுக்கு முகப்பு மட்டும்தான். தேவாலயம்கூட ஒற்றைச் சுவர். மழையில் ஊறிப் பிய்ந்த மணிக்குள் வைக்கோல் தெரிந்தது. அந்த மணிதான் அடித்தது. கனத்த வெண்கலக் குரலில், ஒரே ஒரு முறை.

"கேட்டுச்சா?" என்றாள் ஒத்திலியா.

"காத்துதான், பயந்தாங்கொள்ளி," என்றான் அவள் கணவன் எவரார்தோ. ஆனால் சிரிக்கவில்லை.

அந்தப் படத்தில் பிணமாக நடிக்கப் போன அவனுடைய அப்பா வீடு திரும்பவே இல்லை. அப்போது எவரார்தோ தாயின் வயிற்றில். காவல்காரக் கிழவன் செனோனிடம் அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவன் காறித் துப்பினான்.

"அப்படி ஒருத்தனும் இங்க வரல. பாத்தாச்சுல்ல? கெளம்புங்க."

அவர்கள் கிளம்பவில்லை. உச்சி வெயிலில் பலகைகளிலிருந்து பிசின் உருகி மணத்தது. குதிரையே இல்லாத தெருவில் குதிரை வியர்வையின் நெடி அடித்தது. சுவரிலிருந்த குண்டுத் துளைகளில் காற்று நுழைந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைப்போல் ஒலித்தது. எவரார்தோ தேவாலயக் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தான்.

"அப்பா," என்றான், மிக மெதுவாக. உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

அவள் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். முட்டுக்கட்டைகள். கள்ளிச்செடிகள். கதவின் மறுபக்கம் பலகை அறைந்து மூடியிருந்தது. அவன் இல்லை.

திரும்பி முன்பக்கம் வந்தாள். உள்ளே அவன் இருமல். பெரிய மண்டபத்தில் எதிரொலிப்பதுபோல்.

"ஐயா! என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு!"

செனோன் சங்கிலியோடு வந்து நின்றான். "உள்ள போறதுன்னா போ. இல்ல, வண்டிய எடுத்துக்கிட்டு ஓடு. நான் பூட்டணும்."

அவள் உள்ளே போனாள்.

இருட்டு. சாய ரத்தத்தின் வாடை. தரையில் வரிசையாகச் சிப்பாய் உடுப்பில் ஆண்கள். ஒருவருக்கும் மூச்சில்லை. கடைசியில் எவரார்தோ மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் அவனுடைய அதே தாடை, அதே மூக்கு, அவனைவிட இளையவன்.

எவரார்தோவின் கையைப் பிடித்து இழுத்தாள். சில்லிட்டிருந்தது.

"படுத்துக்கோ," என்றது அவன் குரல். உதடு அசையவில்லை. "இன்னும் 'கட்' சொல்லல."

பின்னால் சங்கிலி உரசியது. பூட்டு விழுந்தது.

ஒரு தலையும் திரும்பவில்லை. கண்கள் மட்டும், எல்லாருடைய கண்களும், அவள் பக்கம் உருண்டன.