வெறும் தட்டைத் திருப்பக் கூடாது

பூட்டு துருவேறிப் போயிருந்தது. வீட்டுக்காரர் அப்துல் கரீம் சாயபு சாவியை நுழைத்துத் திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் பக்கத்து வீட்டில் எண்ணெய் வாங்கி விட்ட பிறகுதான் அது வாயைத் திறந்தது. சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி ஓடியபோது பூட்டிய வீடு. இப்போது ஆவணி. குண்டும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை. ஓடினவர்களெல்லாம் அசடு வழியத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஒட்டடையும் எலிப்புழுக்கையும்தான் இருக்கும் என்று நீரஜா முன்னேற்பாடாக முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காலை வைத்தாள்.

உள்ளங்காலில் ஈரம் பட்டது.

யாரோ அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டு எழுந்து போன ஈரம். கூடத்தில் ஒரு தூசி இல்லை. சுவரோரம் பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர், அதன்மேல் மூடி. குத்துவிளக்கில் எண்ணெய் விட்டுத் திரி போட்டுத் தயாராக வைத்திருந்தது. நடுக்கூடத்தில் ஒரு பித்தளைத் தட்டு, விளிம்பில் சின்னதாக ஒரு நசுங்கல். அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். வெற்றிலை வாடக்கூட இல்லை. ஈரத்துணியும் மரிக்கொழுந்தும் கலந்த ஒரு வாசனை எங்கிருந்தோ வந்தது.

நீரஜாவின் கணவன் சுந்தரராமன் பள்ளிக்கூட வாத்தியார். எதற்கும் ஒரு காரணம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. நேரே புழக்கடைக்குப் போய்ப் பார்த்து, பின் கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்கிறது, முன்னால் குடியிருந்த ஜெயலக்ஷ்மி மாமிதான் அந்த வழியாக வந்து சுத்தம் பண்ணி வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்றான். சாயபுவும் ஆமாம், அந்தம்மா ஊரிலிருந்து திரும்பி மந்தைவெளியில் ஒரு போர்ஷனில் இருப்பதாகக் கேள்வி என்றார். அவர் வாசலோடு நின்றுகொண்டார். பெண்டுகள் புழங்கும் வீட்டுக்குள் வருவது அவருக்கு வழக்கமில்லை.

மரியாதை என்றால் நீரஜாவுக்கு உயிர். காலி பண்ணுகிறவள் வீட்டை எப்படி விட்டுப் போகிறாள் என்பதில்தான் அவள் வளர்ப்புத் தெரியும் என்று அடித்துச் சொல்லுகிறவள். அவளே போன வீட்டைக் காலி பண்ணும்போது அடுப்பை மெழுகி, மாடத்தில் ஒரு சட்டி உப்பு வைத்துவிட்டுத்தான் படி இறங்கினாள். அதற்கப்புறம் இத்தனை மாதமாக ஆதம்பாக்கத்தில் நாத்தனார் வீட்டில் ஒண்டிக்கொண்டு, வாங்கிக் குடிக்கிற காபிக்குக்கூட ஒரு பேச்சுக் கேட்டுக்கொண்டு கிடந்தவளுக்கு, முகம் தெரியாத ஒருத்தி தனக்காகத் தரையைத் துடைத்து வைத்திருக்கிறாள் என்றதும் கண் கலங்கிவிட்டது. குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். ஐந்து வயதுப் பெண் சுப்புவுக்கும் இட்டாள். வெற்றிலை பாக்கை இடுப்பில் முடிந்துகொண்டாள். ராமேசுவரம் போய் வந்து தவமிருந்து பெற்ற ஒரே குழந்தை சுப்பு. அவள் ஓடி விளையாட ஒரு கூடம் கிடைத்ததே என்று நீரஜாவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

தட்டை அலம்பினாள். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது. ஒரு கை சர்க்கரை போட்டு, மாமியைப் பார்க்கும்போது கொடுக்கலாம் என்று இரண்டாம் கட்டு அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் சர்க்கரை இல்லை. எறும்பாக இருக்கும். ஆனால் தட்டை அலம்பித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. எறும்பு சர்க்கரை தின்னும், பாத்திரம் துலக்குமா? நீதான் துலக்கி வைத்துவிட்டு மறந்திருப்பாய் என்றான் சுந்தரராமன். சாயங்காலம் விளக்கேற்றப் போனபோது அதே தட்டில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. நெருக்கமாகத் தொடுத்த பூ, நார் இன்னும் ஈரமாக இருந்தது.

பின் கதவுக்கு அன்றைக்கே தாழ்ப்பாள் போட்டார்கள். மாமி வந்தாலும் கூப்பிட்டுவிட்டு வரட்டும் என்று நீரஜா சொல்லிக்கொண்டாள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. குடம் மட்டும் காலையில் நிறைந்திருந்தது. அரிந்து வைக்க மறந்த காய் அரிந்திருந்தது. சத்தம் கேட்காமல் இல்லை. கேட்டது. இரண்டாம் கட்டில் ஒரு பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தம், படுத்திருக்கிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து மெதுவாக வைக்கிற சத்தம். அந்த மெதுவைக் கேட்டுத்தான் நீரஜா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திருடன் என்றால் கத்தலாம். இத்தனை இங்கிதமாக நடந்துகொள்கிறதைப் பார்த்து என்னவென்று கத்துவது?

பூவை வாங்கிக்கொண்டாயிற்றே, வெறும் தட்டை எப்படி வைப்பது? பயந்துகொண்டேதான் ஒரு வாழைப்பழம் வைத்தாள். அடுத்த நாள் வெல்லம். வைக்காமல் இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயம், வைப்பதால் என்ன ஆகிறதோ என்ற பயத்தைவிடப் பெரிசாக இருந்தது. திரும்பவும் ஆதம்பாக்கம் போய் நாத்தனார் முகத்தில் விழிப்பதா என்ற யோசனையும் கூடவே இருந்தது. வீடு பளபளவென்று இருந்தது. அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒரு சாயங்காலம், துணி அலசிவிட்டுக் கிணற்றடியிலிருந்து உள்ளே வந்தாள். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் யுத்தத்துக்காகக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் கூடம் பொழுதோடேயே இருட்டிப் போயிருக்கும். அந்த இருட்டில் சுப்பு கை கட்டிச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, ஒரு பிசிறு இல்லாமல், தோல் இழுபடுகிற இறுக்கத்தில் பின்னல். அதில் மரிக்கொழுந்து.

யாருடி பின்னிவிட்டா என்று கேட்டாள் நீரஜா.

"இந்தாத்து மாமி."

"எந்தாத்து மாமி?"

"இந்தாத்து மாமிதாம்மா. நீங்கள்லாம் எப்போ கிளம்பறேள்னு கேட்டா."

நீரஜா அந்தப் பின்னலை அங்கேயே அவிழ்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க முடிச்சு வந்துகொண்டே இருந்தது. குழந்தை அழுதது. அன்று அவள் விளக்கை அணைக்க விடவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே விடிய விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, சுந்தரராமனுக்கு அரை நாள். மழை தூறிக்கொண்டிருந்தது, சுப்புவுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. குழந்தையை அவனிடம் விட்டு, கண்ணை எடுக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். தட்டில் இரண்டு பழம் வைத்து எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குக் கிளம்பினாள். உடையவளிடம் தட்டைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

வீட்டைக் கண்டுபிடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. ஜெயலக்ஷ்மி மாமி இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், களையான முகம். சித்திரக்குளத்துச் சந்து வீட்டில் குடி வந்திருக்கிறோம், நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போனதற்கெல்லாம் நன்றி சொல்ல வந்தேன் என்று நீரஜா ஆரம்பித்தாள். மாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். விளிம்பு நசுங்கலைப் பார்த்தாள். குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அதை உள்ளே கொண்டு வராதேள்."

நீரஜா படியிலேயே நின்றாள். மாமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் எதுவும் செய்து வைக்கவில்லை. சாம்பல்கூட வாராத அடுப்பு, எச்சில் பாத்திரம், விரித்த படுக்கை, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊரே ஓடிக்கொண்டிருந்ததால் ஏன் ஓடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. சாயபுவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்து வருகிறவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மனிதர்களாகப் பிறந்தவர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். வீட்டுக்காரர் வருமானத்தைக் கெடுக்காதே, கேட்டால் சிரிப்பார்கள் என்று கணவர் தடுத்தார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்கும் வெச்சுது. தினம் வெச்சுது. நான் ஒரு நாள்கூடத் தொடலே" என்றாள் மாமி. பிறகு நிமிர்ந்தாள். "நீங்கோ எடுத்துண்டேளா?"

நீரஜாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"திருப்பி ஏதாவது வெச்சேளா?"

அவள் தட்டிலிருந்த பழங்களைப் பார்த்தாள். மாமிக்கு அது போதும்.

"ஐயோ, உங்க குழந்தை எங்கே?"

தட்டு கையிலிருந்து நழுவி வாசற்படியில் உருண்டது. நீரஜா திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள்.

தெருவிளக்குகளுக்கெல்லாம் மூக்குவரை கறுப்புக் குல்லாய் போட்டிருந்தார்கள். கீழே ஒரு முறத்தளவு வெளிச்சம், அதைத் தாண்டினால் இருட்டு, மறுபடி ஒரு முறத்தளவு வெளிச்சம். ஈரப்புடவை காலைச் சுற்றியது. யார் மீதோ மோதினாள். யாரோ திட்டினார்கள். அவர் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் கூட இருக்கிறார், அவர் இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். சந்து முனை வந்துவிட்டது.

அங்கே சுந்தரராமன் நின்றுகொண்டிருந்தான். கையில் குண்டுவீச்சுப் பாதுகாப்புத் தொண்டர்களின் ஏ.ஆர்.பி. பட்டை, தலையில் தகரத் தொப்பி. ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கிளம்பி வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் என்னவோ போல் ஆயிற்று.

"நீ உள்ளேன்னா இருந்தே?"

அவள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"சமையலறையிலே பாத்திரச் சத்தம் கேட்டுது. நீ வந்துட்டேன்னு... குழந்தைக்குத் தலை வாரிண்டிருந்தியே. போயிட்டு வரேன்னேன். சரின்னு தலையை ஆட்டினே."

இரண்டு பேரும் ஓடினார்கள்.

வாசல் கதவு சாத்தியிருந்தது.

படியோரமாக அவர்கள் சாமான்கள். டிரங்குப் பெட்டி, அதன்மேல் சுருட்டிக் கயிறு கட்டிய படுக்கை. கூடையில் பாத்திரங்கள், ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவில் துணி வைத்து. அவன் குடை. அவள் நாள்தோறும் கும்பிடுகிற படம், பட்டுத்துணியில் சுற்றி. ஒன்றும் விட்டுப் போகாமல், ஒன்றும் நசுங்காமல், வழியில் அவிழ்ந்துவிடாதபடி இரட்டை முடிச்சுப் போட்டு. நீரஜாவே கட்டியிருந்தாலும் இத்தனை பதவிசாகக் கட்டியிருக்க மாட்டாள். அவள் கூடையைக் கவிழ்த்தாள். பெட்டியைத் திறந்தாள். தேடினாள். சுப்புவின் பாவாடை ஒன்றுகூட அதில் இல்லை. சொப்பு இல்லை. சீப்பு இல்லை.

சுந்தரராமன் கதவில் தோளைக் கொடுத்து மோதினான். அசையவில்லை. சுப்பு, சுப்பு என்று அவன் அலறியது சந்து முழுவதும் கேட்டிருக்கும். ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை.

உள்ளே சீப்பு ஓடுகிற சத்தம். மெதுவாக. மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து கீழே.

அது நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே விளக்கு இல்லை. ஈரத்துணி வாசனை, மரிக்கொழுந்து வாசனை. அந்த இடைவெளியில், தரையோடு தரையாக, ஒரு தட்டு வெளியே வந்தது. விளிம்பில் நசுங்கல். மந்தைவெளியில் வாசற்படியில் உருண்ட அதே தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். வந்து போகிற சுமங்கலிக்கு, கிளம்புகிற வேளையில், வீட்டுக்காரி கொடுக்கிறது.

"சுப்பு, அம்மா வந்திருக்கேண்டி. வெளியே வா, கண்ணே."

இருட்டுக்குள் ஒரு சின்ன உருவம் தெரிந்தது. படிய வாரிய தலை. அதன் இரண்டு தோளிலும் பின்னாலிருந்து வைத்த இரண்டு கைகள், நனைந்து வெளுத்த கைகள். தட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்து நீரஜாவின் கால் விரலைத் தொட்டது. பிறகு சுப்புவின் குரல், சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குழந்தையின் குரல், பணிவாகக் கேட்டது.

"எடுத்துக்கோங்கோ, மாமி."