பெரியவருக்கு இங்கிலீசு தெரியுமா?

கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத்தில், நெல் கதிர் தள்ளிவிட்டால் ஒருவரும் யானையை யானை என்று சொல்லமாட்டார்கள். பெயரைச் சொன்னால் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அது வயலுக்கு வந்துவிடுமாம். அதனால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

அந்தப் பெயரை வைப்பவள் வீரகத்தியின் மகள் நேசமலர். வயது பத்து. ஒரு வருடம் ‘கறுவல்’ என்றாள். அடுத்த வருடம் ‘முறக்காதர்’ என்றாள். இந்த வருடம் ‘பெரியவர்’. காவல் கொட்டிலில் ஏறி நின்று, “பெரியவர் வாறார்!” என்று அவள் கத்தினால் போதும். வயல் முழுக்கத் தகரம் அடிக்கும் சத்தம் கேட்கும்.

அப்படி இருந்த ஊருக்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அருந்ததி குடும்பத்தோடு வந்து சேர்ந்தாள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், கையில் ஓர் இங்கிலீசுப் படப் புத்தகம்.

“இதில என்ன எழுதிக் கிடக்கு, பிள்ளை?” என்று யானைப் படத்தைக் காட்டிக் கேட்டார் வீரகத்தி.

“இந்தியன் எலிபன்ட், மாமா.”

“இந்தியனோ? எங்கட காட்டில பிறந்து, எங்கட நெல்லைத் திண்டு வளர்ந்த ஆளை ஆர் இந்தியன் எண்டது?”

“வெள்ளைக்காரர் அப்பிடித்தான் எழுதியிருக்கினம்.”

வீரகத்தி விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப அந்தப் பேர் அவருக்கே தெரியாது! நாங்கள் துணிஞ்சு சொல்லலாம்!”

அவ்வளவுதான். மறுநாளே ஊர் முழுக்க எலிபன்ட். மாட்டுக்காரரும் எலிபன்ட் என்றார்கள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீரகத்தியும் எலிபன்ட் என்றார்.

“கெட்டிக்காரப் பிள்ளை!” என்று அருந்ததியைப் பற்றி வேறு சொன்னார். நேசமலரை அவர் அப்படிச் சொல்லி எவ்வளவு காலம்!

பள்ளிக்கூடத்தில் நேசமலருக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் கமலாசனி, தன் சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு அருந்ததியிடம் போய்விட்டாள். நேசமலருக்கு அருந்ததியின் பின்னல் பிடிக்கவில்லை. அவள் தண்ணீர் குடிக்கும் விதம் பிடிக்கவில்லை. எல்லாரையும் ‘நீர், உம்மை’ என்று அவள் மரியாதையாகக் கூப்பிடுவதும் பிடிக்கவில்லை.

ஒரு நாள் கமலாசனியைத் தனியே கூப்பிட்டாள். “உனக்குத் தெரியுமே? இந்தக் குளம் கட்டேக்கை வெள்ளைக்கார எஞ்சினியர் பெரியவர் ஒருத்தரை வைச்சுத்தான் மரம் இழுத்தவர். அவர் சங்கிலியை அறுத்துக்கொண்டு காட்டுக்கை ஓடிட்டார். அவருக்கு இங்கிலீசு நல்லா விளங்கும்.”

கமலாசனியின் கண்கள் பெரிதாகின. “அப்ப எலிபன்ட் எண்டால்?”

“வந்து நிப்பார்.”

அது முழுப் பொய். சொல்லும்போது இனித்தது.

அந்தக் கிழமையே ஒரு யானை வந்து, கமலாசனி வீட்டு வாழைத் தோட்டத்தைத் துவம்சம் செய்துவிட்டுப் போயிற்று. மகளிடம் அந்தக் கதையைக் கேட்டிருந்த கமலாசனியின் தாய் அன்னபாக்கியம் தலையில் கை வைத்தாள். “ஐயோ! இங்கிலீசிலை கூப்பிட்டு விட்டிட்டாளே அந்தப் பெட்டை!”

அதன்பிறகு கிணற்றடியில் அருந்ததியின் தாயோடு ஒருவரும் கதைக்கவில்லை. கமலாசனி தன் பலகையோடு திரும்பி வந்துவிட்டாள். நேசமலர் நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் கமலாசனி சொன்ன பகிடி எதற்கும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அருந்ததி அவளை மறித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“என்னை யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்பப் போகினம். சின்னம்மா வீட்டிலை நிண்டு படிக்கட்டாம். நான் அம்மாவை விட்டிட்டு ஒரு நாளும் இருந்ததில்லை.”

நேசமலர் காலால் மண்ணைக் கிண்டினாள்.

“நீர்தானே அவருக்குப் பேர் வைக்கிறனீர்? நான் தெரியாமல் கூப்பிட்டுப் போட்டன். அவரிட்டை மன்னிப்புக் கேக்க என்ன பேர் சொல்லவேணும்? சொல்லித் தாரும்.”

இந்த ஊரில் இன்னும் தன்னிடம் பெயர் கேட்கிறவள் இவள் ஒருத்திதான் என்பது நேசமலருக்கு உறைத்தது.

“வா என்னோடை,” என்றாள்.

காவலுக்குப் போகுமுன் ஊரார் குளக்கட்டில் கூடுவது வழக்கம். எதிரே காடு. நேசமலர் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, காட்டைப் பார்த்துக் கத்தினாள்.

“எலிபன்ட்! எலிபன்ட்! வாரும்!”

“அடியே, வாயை மூடு!” என்று அன்னபாக்கியம் காதைப் பொத்தினாள். வீரகத்தியின் வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. குளத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

காட்டுக்குள் மளமளவென்று தடிகள் முறிந்தன. ஏதோ ஒன்று பெரிதாக அசைந்து வந்தது. நாலைந்து பேர் ஓடியே விட்டார்கள்.

பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தவர் சின்னராசா. தலையில் விறகுக் கட்டு, ஊரிலேயே பெரிய தொந்தி.

“ஆரடா கூப்பிட்டது? என்ன அவசரம்?”

குளக்கட்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நேசமலர் சொன்னாள். “இங்கிலீசு விளங்கிற பெரியவர் ஒருத்தரும் இல்லை. அது நான் சொன்ன பொய்.”

“அப்ப என்ர வாழைக்கு ஏன் வந்தவர்?” என்றாள் அன்னபாக்கியம்.

“குலை பழுத்து மணந்தது, பெரியம்மா. எனக்கே ரோட்டிலை வர வாயூறினது.”

வீரகத்தி கிட்ட வந்தார். “ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?”

“எல்லாரும் அவளின்ர பேரைத்தானே சொல்லுறியள். நீங்களும், ஐயா.”

வீரகத்தி மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் நின்ற அருந்ததியின் தகப்பனிடம் திரும்பினார். “பிள்ளையை அனுப்பாதையுங்கோ. இது எங்கட வீட்டுப் பிழை.”

அருந்ததி ஊரிலேயே நின்றாள்.

அறுவடைக்கு முந்திய கிழமை, மாலை வெயிலில் ஒரு கொம்பன் காட்டோரம் வந்து காதை விசிறியது. எல்லாரும் கொட்டிலில் நின்ற இரண்டு சிறுமிகளையும் நிமிர்ந்து பார்த்தார்கள். இருவரும் காதுக்குள் குசுகுசுத்துவிட்டுச் சேர்ந்து கத்தினார்கள்.

“மிஸ்டர் பெரியவர் வாறார்!”

வயல் முழுக்கத் தகரங்கள் அதிர்ந்தன. அருந்ததிக்கு நல்ல குரல். கொம்பனே திரும்பிப் பார்த்தது.

நேசமலர் அவளைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கத்தினாள்.