மெய்யநாதனின் குரல்

மெய்யநாதன் கூப்பிடவே இல்லை. முகப்பில் நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் உள்ளேயிருந்து மகள் சீதை, "இந்தா வாரேன் அப்பச்சி" என்றாள். கொலுசுச் சத்தம் அவரை நோக்கி வராமல் பின்கட்டுப் பக்கமாகப் போனது.

எழுந்து ஓடினார். பின்கட்டு நடையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள் பிள்ளை.

"எங்க ஆத்தா போற?"

"நீங்கதானே கூப்பிட்டீக." இருட்டைக் கைகாட்டினாள். "அங்குட்டு இருந்து."

காய்ச்சலில் உளறுகிறாள் என்று தூக்கிக்கொண்டார். உடம்பு கொதித்தது. வீட்டில் எல்லோரும் காரைக்குடிக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கரண்ட்டும் இல்லை. நடுப்பகலே மையிருட்டாகி, நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் வளவு முற்றத்துக்குள் மழை கொட்ட, பூட்டிக்கிடந்த அறைகளின் வௌவால் வாடையும் நனைந்த சுண்ணாம்பு வாடையும் கலந்து, அந்தப் பெரிய வீடே வாயைத் திறந்து மூச்சு விடுவதுபோல் இருந்தது.

அவர் குரலுக்குக் கொத்தமங்கலத்தில் தனி மதிப்பு. பங்காளிச் சண்டை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் எதிராளியின் பேரைச் சொல்வார். கொஞ்சம் நிறுத்துவார். பிறகு அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைப்பார். அரிவாளோடு நின்றவனும் உட்கார்ந்துவிடுவான்.

மெய்யநாதனின் அண்ணன் இறந்தபின், இந்த வீட்டில் அண்ணனின் பங்கை விட்டுப் போக மாட்டேன் என்று அண்ணன் மனைவி சொர்ணவல்லி ஆச்சி உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டாள். பைத்தியம் என்று வைத்தியரைச் சொல்லவைத்தாயிற்று, வாசலில் காரும் நின்றது. யார் கத்தியும் அவள் திறக்கவில்லை. மெய்யநாதன்தான் கதவில் நெற்றியை வைத்து, "ஆச்சி... பயப்படாதீக. நான் இருக்கேன்ல. யாரும் உங்களத் தொட மாட்டாக. தொறங்க" என்றார்.

திறந்தாள். ஆட்கள் பாய்ந்து தூக்கினார்கள். அவள் அலறவில்லை. அவரை மட்டும் பார்த்து, "இந்தக் குரல நம்பித்தானே தொறந்தேன்" என்றாள். அடைத்துவைத்த இடத்தில் அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசாமலேயே போன மாதம் செத்துப்போனாள்.

இப்போது வாசல் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். சீதையை உள்ளறைக் கட்டிலில் விட்டார். அந்த அறைக்கு வளவுப் பக்கம் ஒரு கதவு, பின்கட்டுப் பக்கம் ஒரு கதவு. பின்கதவைத் தாழிட்டார்.

"நான் போனதும் இந்தக் கதவுக்கும் தாழ் போட்டுக்க. அப்பச்சி வந்து சொன்னாத்தான் தொறக்கணும். சரியா?"

தாழ் விழும் சத்தம் கேட்டபிறகே முகப்புக்குப் போனார். வாசல் கதவு சாத்தியே இருந்தது. தாழும் போட்டபடி. அது அடித்துக்கொண்டிருக்கவே முடியாது.

அப்போதுதான் வீட்டின் ஆழத்திலிருந்து தன் குரலைக் கேட்டார்.

"சீதை..." கொஞ்சம் நிறுத்தி, "பயப்படாத ஆத்தா. நான் இருக்கேன்ல. தொற."

ஓடினார். ஈரத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார். வளவுப் பக்கக் கதவில் இரண்டு கையாலும் அறைந்தார்.

"தொறக்காத! சீதை! அது நான் இல்ல!"

தொண்டை உடைந்து, கீச்சென்று, நாய் ஊளைபோல் வந்தது குரல். உள்ளே பிள்ளை விசும்பினாள்.

"யாரு அது? அப்பச்சி அங்குட்டு நிக்கிறாக."

"நான்தாண்டி அப்பச்சி!"

"இல்ல. அப்பச்சி இப்படிக் கத்த மாட்டாக."

அவர் வாயை மூடிக்கொண்டார். மெதுவாக. மெதுவாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரிடம் பேசிய குரல்தானே. மூச்சை இழுத்தார். வந்தது வெறும் காற்று.

பின்கதவுக்கு வெளியே அது அவசரப்படவில்லை. "கண்ணுல்ல. என்கிட்ட வந்துரு."

தாழ் உருவும் சத்தம். அந்தப் பக்கத் தாழ்.

அதற்குப்பின் மழை மட்டும். விசும்பல் இல்லை. கொலுசு இல்லை.

வெகுநேரம் கழித்து, அவர் முகத்துக்கு நேரே, கதவின் மறுபுறம் யாரோ நெற்றியை வைத்தார்கள்.

"அப்பச்சி..." சீதையின் குரல்தான். கொஞ்சம் நிறுத்தியது. "பயப்படாதீக. நான் இருக்கேன்ல."

இந்தப் பக்கத் தாழ் மெல்ல விலகியது. மெய்யநாதன் கதவு வளையத்தை இறுக்கிப் பிடித்து இழுத்தார். திறக்க விடக் கூடாது. விடக் கூடாது.

"யாரும் உங்களத் தொட மாட்டாக. விடுங்க அப்பச்சி."

எத்தனை இதமாக இருந்தது. பிள்ளைதானே. காய்ச்சல்காரப் பிள்ளை. விரல்கள் தாமாக இளகின.

கதவு திறந்தது. அறைக்குள் ஒரே இருட்டு. அவர் குனிந்து கை நீட்டினார்.

"வந்துட்டீகளா அப்பச்சி" என்றது மகளின் குரல், அவர் தலைக்கு மேலே, ஒரு முழுப் பெண்ணின் உயரத்திலிருந்து.